மஞ்சள் துணிக்குள் ஒரு காமிக்ஸ்

காமிக்ஸ் பைத்தியத்துக்கு மருந்து கிடையாது. கல்யாணம் ஆனால் தெளிந்துவிடும் என்று என் அம்மா நம்பினார். எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் அது முற்றியது. முற்றி, சரஸ்வதி பூசையன்று மாமியார் வீட்டில் போய் வெடித்தது.

மலேசியாவில், ஈப்போவில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். காமிக்ஸ் விஷயத்தில் நான் தீவிர அச்சுக் கட்சி. புத்தகங்கள் தமிழ்நாட்டிலிருந்து பார்சலில் வரும். வந்து சேர ஒரு மாதம் ஆகும், சில சமயம் மூலை நனைந்திருக்கும். இருந்தாலும் காகிதம்தான் காமிக்ஸ் என்பேன். "கண்ணாடியைத் தடவுறதெல்லாம் வாசிப்பா?" என்று ஆசிரியர் அறையில் பிரசங்கமே செய்திருக்கிறேன். (கேட்டவர்கள் பாவம், தேநீர் குடிக்க வந்தவர்கள்.)

அப்படிப்பட்ட என்னைக் கவிழ்த்தது ஐந்து பாகத் தொடர்கதை ஒன்று. நான்காம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் கதாநாயகி பள்ளத்தாக்குக்கு மேலே கயிற்றில் தொங்குகிறாள். வில்லன் கயிற்றைக் கத்தியால் அறுக்கிறான். அவ்வளவுதான், தொடரும். ஐந்தாம் பாகத்தின் அச்சுப் புத்தகத்துக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். மின்பதிப்போ வெளியாகும் அன்றே கிடைக்கும். கொள்கை பெரிதா, கயிறு பெரிதா? யாருக்கும் தெரியாமல் ஒரு டேப்லட் வாங்கினேன்.

ஐந்தாம் பாகம் வெளியான நாள் சரஸ்வதி பூசை. என் கணவர் சேகரின் பெற்றோர் வீடு ஆயர் தாவாரில் இருக்கிறது. கல்யாணமான முதல் வருடம், அந்த வீட்டில் எனக்கு முதல் பூசை. "எங்க மருமக டீச்சர்" என்று அத்தை அக்கம்பக்கமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அந்தப் பெயரைக் காப்பாற்றியாக வேண்டும்.

அன்று வீட்டிலுள்ள புத்தகங்களையெல்லாம் சாமி முன்னால் வைத்துவிடுவார்கள். மறுநாள் காலை எடுக்கும்வரை யாரும் எதையும் படிக்கக் கூடாது. நான் கொண்டுபோயிருந்த நான்கு பாகங்களையும் பக்தியோடு அடுக்கினேன். டேப்லட்டை மட்டும் பைக்குள் தள்ளும்போது மாமா பார்த்துவிட்டார். மாமா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"அது என்னாம்மா?"

"இது புக்கு இல்ல மாமா. மெஷினு."

"மெஷினா? அப்ப கண்டிப்பா வைக்கணும்லா. இன்னிக்கி ஆயுத பூசையும்தானே. என் லோரிக்கே பொட்டு வச்சாச்சு."

புத்தகம் என்று சொல்லியிருந்தால் சரஸ்வதிக்கு. மெஷின் என்று சொன்னதால் ஆயுத பூசைக்கு. வசமாக மாட்டிக்கொண்டேன். மாமா அதை மஞ்சள் துணியில் பொட்டலமாகச் சுற்றி, ஸ்பானர்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

பூசை ஆறு மணிக்கு. மூன்று மணிக்கு அத்தை சற்றுக் கண்ணயர்ந்தார். மாமாவும் சேகரும் பூ வாங்கப் போயிருந்தார்கள். பொட்டலத்தை மெல்ல எடுத்தேன். ஆனால் வெறும் துணியை வைத்தால் தெரிந்துவிடுமே! அதே அளவில் தட்டையாக எதையாவது உள்ளே வைக்க வேண்டும். சமையலறையில் காய் வெட்டும் பலகை இருந்தது. அதை எடுத்தால் அத்தை தேடுவார். கதவுக்குப் பின்னால் இன்னொரு பலகை சாய்ந்திருந்தது. நாங்கள் வந்ததிலிருந்து அதை யாருமே தொடவில்லை. காணாமல் போனாலும் தெரியாது. (என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.) பலகையைச் சுற்றி வைத்துவிட்டு டேப்லட்டோடு குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டேன்.

ஐந்தாவது பக்கத்தில் இருந்தபோது அத்தையின் குரல் கேட்டது. "கற்பகம், வாம்மா! மழ வந்தா வெளிய லோரிக்குச் சூடம் காட்ட முடியாதுன்னு மாமா இப்பவே பூசைய ஆரம்பிச்சிட்டாரு!"

டேப்லட்டைத் துண்டுகளுக்கு நடுவே செருகிவிட்டு ஓடினேன். பொட்டலத்துக்குச் சந்தனம், குங்குமம், பூ எல்லாம் வைத்தாகிவிட்டது. மாமா தேவாரம் பாடத் தொடங்கினார். அப்போதுதான் வீட்டுப் பூனை உள்ளே வந்தது. நேராகப் போய் மஞ்சள் பொட்டலத்தின் முன்னால் உட்கார்ந்தது.

மாமாவுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. "பாருங்க, வாயில்லா ஜீவனுக்கும் எவ்வளவு பக்தி!"

பக்தி முற்றிய பூனை பொட்டலத்தை நக்க ஆரம்பித்தது. பிறகு துணியைப் பல்லால் கடித்து இழுத்தது. முடிச்சு அவிழ்ந்து பலகை சாய்ந்தது. கற்பூர வாசத்தோடு இன்னொரு வாசமும் எழுந்தது.

"அலாமாக்!" என்று அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். "இது மீன் வெட்டுற பலகையாச்சே! நவராத்திரி வெரதம்னு கதவுக்குப் பின்னால ஒதுக்கி வச்சிருந்தேனே!"

சேகர் கூரையைப் பார்த்தார். நான் அழுதே விட்டேன். மாமியார் வீட்டு முதல் பூசையில், கலைவாணியின் காலடியில் மீன் பலகையை வைத்த டீச்சர் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அழுகைக்கு நடுவே கயிறு, கத்தி, பள்ளத்தாக்கு, குளியலறை எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

மாமா பூனையைத் தூக்கி வெளியே விட்டுவிட்டு வந்தார்.

"அந்தப் பொண்ணு பொழச்சாளா இல்லியா?"

"தெரியல மாமா. அஞ்சு பக்கம்தான் படிச்சேன்."

"சரி, நாளைக்கி காலைல படி. இப்ப சாமி கும்புடு."

மறுநாள் விஜயதசமியன்று அந்த வீட்டில் முதலில் படிக்கப்பட்டது காமிக்ஸ்தான். மாமா தேநீரோடு உட்கார்ந்து என்னை உரக்கப் படிக்கச் சொன்னார். (அவள் பிழைத்துவிட்டாள்.) ஒரு மாதம் கழித்து அச்சுப் புத்தகம் வந்தபோது அதையும் வாங்கிப் புரட்டி, "இதுதாம்மா கையில நிக்கிது" என்றார். அன்றிலிருந்து நான் இரண்டு கட்சியிலும் உறுப்பினர். அவசரத்துக்கு டேப்லட், மாமாவுக்கு அச்சு.

பூவும் பொட்டும் வாங்கிய பலகையில் இனி மீன் வெட்டக் கூடாது என்று அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார். கழுவிக் காயவைத்து, சாமி அலமாரியிலேயே வைத்துவிட்டார். வருடா வருடம் பூசைக்கு அதுவும் வெளியே வரும், அதற்கும் சந்தனம் உண்டு.

போன வருடம் சேகரின் தம்பி மனைவிக்கு அந்த வீட்டில் முதல் பூசை. புத்தகங்களுக்கு நடுவே பலகையைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்ல இந்த வழக்கம் இல்லியே மாமா, இது எதுக்கு?" என்று பயபக்தியோடு கேட்டாள். நான் அவசரமாகச் சமையலறைப் பக்கம் நழுவினேன்.

மாமா சிரிக்காமல் பலகைக்குப் பொட்டு வைத்துக்கொண்டே சொன்னார்: "அது உங்க அக்கா படிக்கிற காமிக்ஸ்மா."