சுடுகாட்டுக்குச் சிக்னல் போட்ட கார்

பழைய காரை வைத்திருப்பவன் பாதி மெக்கானிக், பாதி பூசாரி. நான் அன்று முழுப் பூசாரியாகி மாட்டிக்கொண்டேன்.

என் மைத்துனன் சுரேஷின் கல்யாணம். காஹாங் ஊரில் மாமனார் பொத்திப் பொத்தி வளர்த்த பழைய காரில் மாப்பிள்ளை குளுவாங் டவுன் கோயிலுக்குப் போக வேண்டும், ஓட்டுவது நான் என்று முடிவானது. (பெண்ணை யோசிக்காமல் கொடுத்தவர், கார் சாவிக்கு ரொம்ப யோசித்தார்.)

கல்யாணத்துக்கு முதல் நாள் பார்த்தால் இடது சிக்னல் போட்டால் எரியவில்லை, போடாதபோது எரிந்தது. பல்பை மாற்றினேன். ஃபியூசைத் தேய்த்தேன். ம்ஹூம். கண்ணேறு என்று நானே தீர்ப்புச் சொல்லி, முனியாண்டி கோயிலில் நிறுத்தி, பின் விளக்கு வரை மஞ்சள் தண்ணீர் ஊற்றிச் சந்தனம் அப்பினேன்.

"விளக்குக்குள்ள தண்ணி போகுதுங்க," என்றாள் என் மனைவி கலா.

"சாமி காரியத்துல பேசாத லா!"

சிக்னல் சரியாக எரிந்தது. மாமனாரிடம் மார்தட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஒரே பனிமூட்டம். காரில் நானும் சுரேஷும். பின்னால் பஸ்ஸில் மாமனார், சொந்தபந்தம், மடியில் தாலித் தட்டோடு கலா. வழியில் செம்பனைக் காட்டுக்குள் இடதுபுறம் ஒரு மண்சாலை பிரியும். அது தோட்டத்துச் சுடுகாட்டுக்கு மட்டும்தான் போகும். அந்த முக்கில் வேகத்தைக் குறைத்தேன். டாஷ்போர்டில் இடது சிக்னலின் பச்சை அம்பு எரிந்தது.

"மச்சான், ஏன் லெஃப்ட் போட்டீங்க?"

"நான் போடலடா."

பயத்தில் பிரேக்கை மிதித்தேன், விட்டேன், மறுபடி மிதித்தேன். அம்பு கண் சிமிட்டியது.

"அலமாக்! கூப்பிடுது மச்சான், நேரா போங்க!"

முருகா என்று அலறிக்கொண்டு பறந்தேன். கோயிலில் இறங்கித் திரும்பினால் பஸ்ஸைக் காணோம். போனிலும் யாரும் கிடைக்கவில்லை. மாப்பிள்ளை இருக்கிறான், பெண் இருக்கிறாள், தாலி இல்லை. ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார், பெண் வீட்டார் என்னைப் பார்த்தார்கள். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

முகூர்த்தம் முடியும் தறுவாயில் சேறும் சகதியுமாக பஸ் வந்தது. கலா தட்டோடு ஓடினாள். தாலி ஏறியது. மேளம் ஓய்ந்ததும் என்னைக் காருக்கு இழுத்துப் போனாள். மாமனாரும் பின்னாலேயே வந்தார்.

"பிரேக்க மிதிங்க. விடுங்க. மிதிங்க."

மிதித்தபோதெல்லாம் பின்னால் இடது சிக்னல் எரிந்ததாம். விளக்கைக் கழற்றினால், துருப்பிடித்த எர்த் ஸ்க்ரூவைச் சுற்றி என் சந்தனம் கெட்டியாக உறைந்திருந்தது. ஈரமாக இருந்தவரை கரண்டை விட்டது, காய்ந்ததும் அடைத்துக்கொண்டது. பிரேக் கரண்டு போக வழியில்லாமல் சிக்னல் பக்கம் திரும்பியிருக்கிறது. பஸ்ஸும் பனியில் அதைப் பார்த்தே மண்சாலைக்குள் திரும்பியிருக்கிறது. பேய் இல்லை, என் பூசைதான். எனக்கு உயிர் வந்தது, சிரித்தேன்.

"சரி, திரும்பினீங்க. கார் இல்லன்னு தெரிஞ்சும் ஏன் சுடுகாடு வரைக்கும் போனீங்க?" என்று மாமனாரைக் கேட்டேன்.

மாமனார் வேட்டியில் ஒட்டிய சேற்றைத் தட்டினார்.

"முக்குல வெள்ளை வேட்டி கட்டுன ஒருத்தர் கை காட்டுனாரு மாப்பிள்ள. பழைய கார் இப்பதான் உள்ள போச்சு, பின்னாலயே போங்கன்னாரு."

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

இப்போது சிரிக்கிறார்கள். எந்தக் கல்யாணத்துக்குக் கிளம்பினாலும் "பூசாரி கடைசியா வரட்டும்" என்று என்னைப் பின்னால் தள்ளிவிடுவது எங்கள் குடும்ப வழக்கம். ஸ்க்ரூவைத் தேய்த்த பிறகு சிக்னலில் ஒரு கோளாறும் இல்லை. ஆனாலும் அந்த முக்கு வந்தால் நான் பிரேக்கைத் தொடுவதில்லை. கலாவும் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.