ஆட்டுப் புழுக்கையும் சீமை உப்பும்

கல்லங்குறிச்சி,
1948, மாசி மாதம்.

கோயம்புத்தூரில் சர்க்கார் விவசாயப் பண்ணை உத்தியோகம் பார்க்கும் மைத்துனன் சிரஞ்சீவி செல்லக்கண்ணுவுக்கு, மச்சான் பஞ்சநாதன் மனதார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அக்காள் பெரியம்மாளும் அவளுடைய ஆடுகளும் கலியுக வரதராஜப் பெருமாள் தயவில் சுகம். அங்கே உன் உடம்புக்கும் உத்தியோகத்துக்கும் குறைவு வராதிருக்க வேண்டுகிறேன்.

நீ ரயிலில் அனுப்பிய சூரியகாந்தி விதையையும் சீமை உப்பு உர மூட்டையையும் அரியலூர் ஸ்டேஷனில் இறக்கி வண்டியில் கொண்டுவந்தேன். கொண்டுவந்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இந்த உப்பு இருக்கையில எருவுக்குன்னு எதுக்கு ஆடு? வித்துடலாம்" என்று சொல்லிவிட்டேன். அவை உங்கள் அம்மா சீராகக் கொடுத்த ஆடுகளின் வம்சம் என்பது சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது. உன் அக்காள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். "கொல்லையில பாதிக்கு உங்க உப்பைப் போடுங்க, பாதிக்கு என் புழுக்கையைப் போடறேன். என் பக்கம் தோத்துச்சுன்னா நானே சந்தைக்கு ஓட்டிட்டுப் போறேன்" என்றவள், அதோடு என்னுடன் பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு வரும், சொல் வராது. எனக்கு அது தாங்கவில்லை.

உன் சூரியகாந்தியை இரண்டு பக்கமும் விதைத்தோம். என் பக்கம் முதலில் ஜம்மென்று கிளம்பியது. மீசையை முறுக்கிக்கொண்டு வரப்பில் நடந்தேன். வெயில் ஏறியதும் மண் இறுகி, செடியெல்லாம் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. ஊர் சிரிக்குமே என்று பயந்து, சனிக்கிழமை உன் அக்காள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, அவளுடைய பட்டியிலிருந்து புழுக்கையைக் கூடை கூடையாக வாரி என் பக்கம் கொட்டிக் கொத்திவிட்டேன். (இது உன்னோடு இருக்கட்டும்.) தண்ணீர் பாய்ந்ததும் செடி என் தலைக்கு மேல் போய்விட்டது, பூ ஒவ்வொன்றும் தாம்பாளம் அகலம். ஆச்சரியம் என்னவென்றால், அவள் பக்கமும் அதே உயரம், அதே பூ! வெறும் புழுக்கைக்கு இவ்வளவு சத்தா! "ஆடு இருக்கட்டும், புள்ள" என்று நானே போய்ச் சொன்னேன். "சாப்புட வாங்க" என்றாள். அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளை, உன் மூட்டை வந்ததால்தான் ஆட்டின் அருமை எனக்குத் தெரிந்தது. இந்த நன்றியை எந்த ஜன்மத்தில் தீர்ப்பேன்! இனி எனக்குச் சீமை உப்பு வேண்டவே வேண்டாம். மிச்சத்தை உனக்கே ரயிலில் திருப்பி அனுப்புகிறேன்.

உன் வீட்டில் பால் பொங்கவும், பிள்ளைகள் படித்து முன்னுக்கு வரவும், உன் மேலதிகாரி சிடுசிடுக்காமல் இருக்கவும் வாழ்த்தும்,
மச்சான்
பஞ்சநாதன்.

பின்குறிப்பு: மிச்சத்தைக் கட்டி அனுப்பலாம் என்று மூட்டையைத் தூக்கினேன், வெறும் சாக்குதான் கையோடு வந்தது. "உப்பெல்லாம் எங்கடி?" என்றேன். "நீங்க பெரம்பலூருக்கு பஸ் ஏறின அன்னிக்கு என் பக்கம் தூவிட்டேன். செடி வெளுத்துப்போயி நின்னுச்சு. ஆடு போயிடுமேன்னு பயம்" என்றாள். "இது மோசடி இல்லையா?" என்று குதித்தேன். "ஏங்க, உங்க பக்கத்துக்குப் புழுக்கை நடந்தா வந்துச்சு?" என்றாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் பட்டியில் ஆடுகள் மிரண்டுவிட்டன. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, உடனே இன்னொரு மூட்டை அனுப்பவும். என் பெயருக்கு வேண்டாமாம். உன் அக்காள் தன் பெயருக்கே அனுப்பச் சொல்கிறாள்.