ஸ்ரனிஸ்லாஸ் மறந்த நாலு இலக்கம்

துறைமுகத்தில் முப்பத்தாறு வருஷம் கிளார்க்காக இருந்த ஸ்ரனிஸ்லாஸுக்கு ஞாபகசக்திதான் சொத்து. எந்தக் கொள்கலன் எந்தக் கப்பலில் வந்தது என்று புத்தகம் பார்க்காமலே சொல்லுவார். அப்பேர்ப்பட்டவர், திங்கட்கிழமை காலை கொட்டாஞ்சேனை வீட்டைப் பூட்டி வழக்கம்போலக் கிளப்புக்கு வெளிக்கிடுவதற்காக, கதவோரத்து அலாரம் பெட்டியில் தன் ரகசிய இலக்கம் நாலையும் அமத்தினார். பெட்டி சிவப்பாக முறைத்தது. பிழையாம்.

திரும்ப அமத்தினார். பிழை. மூன்றாம் முறை அது கூரை பறக்க ஊளையிடத் தொடங்கியது. ஒழுங்கைச் சனமெல்லாம் வீடுகளுக்கு வெளியில் வந்து நின்றது.

"என்ன ஸ்ரனி அண்ணன், வீட்டுல கள்ளனா?" என்றார் முன்வீட்டு ஹுசைன்.

"இல்லை, செக் பண்ணிப் பாத்தனான். நல்லா வேலை செய்யுது."

"ஓம், மவுத்தாகி மண்ணுக்குள்ள கிடக்கிறவங்களும் எழும்பிருவாங்க."

ஐந்து நிமிடத்தில் அது தானாக ஓய்ந்தது. ஸ்ரனிஸ்லாஸின் நெஞ்சுதான் ஓயவில்லை. தகப்பனுக்கும் இதே அறுபத்தாறு வயதில்தான் மறதி தொடங்கியது. மார்க்கட்டால் வந்த மனைவி கொன்ஸ்ரன்ஸிடம் அவர் மூச்சே விடவில்லை. அலாரம் போடாமல் வெளியே போனால் ஏன் என்று கேட்பாள். ஆகவே போகவில்லை.

"இண்டைக்கு கிளப்புக்குப் போகேல்லையா?"

"வீட்டில கொஞ்சம் வேலை இருக்கு, கொன்ஸி."

"அப்ப குசினிப் பைப் ஒழுகுது. அதைப் பாருங்களேன்."

பார்த்தார். செவ்வாய், காற்றாடிகளைக் கழுவினார். புதன், கேற்றுக்குப் பெயின்ற். வியாழன், இரண்டு வருஷமாக 'நாளைக்கு, நாளைக்கு' என்று தள்ளிய ஸ்டோர் அறை. கொச்சிக்கடைக் கோயில் திருநாளுக்குக் கிருலப்பனையிலிருந்து சம்பந்தி வீட்டார் சாப்பிட வருகிறார்கள்; கொன்ஸ்ரன்ஸிடம் வேலைக்கா பஞ்சம்? கள்ளனுக்கு வைத்த பொறியில் வீட்டுக்காரன் அகப்பட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை அவள் பூசைக்குப் போனதும் ஸ்ரனிஸ்லாஸ் அலாரத்தோடு வந்த கையேட்டை விரித்தார். மெயின் சுவிட்சை நிப்பாட்டினார். பெட்டியைத் திறந்து பற்றரி வயரைக் கழற்றினார். உள்ளே பயறளவில் ஒரு பட்டன். அதை ஈர்க்குக்குச்சியால் அமத்திப் பிடித்தபடி வயரைத் திரும்பக் கொழுவி, பத்து எண்ணினார்.

பீப்.

பெட்டி பழசெல்லாம் மறந்து பச்சைப் பிள்ளையாகி நின்றது. புது இலக்கம் கொடுத்தார். ஏற்றுக்கொண்டது. டெக்னீஷியன் இல்லை, ஒரு ரெலிபோன் கோல்கூட இல்லை. நெஞ்சை நிமிர்த்தி வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மூளை இன்னும் கூர்தான்.

வென்றவனுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது? கொன்ஸ்ரன்ஸ் வந்ததும் ஒன்றும் விடாமல் சொன்னார். அவள் கண்முன்னாலேயே அலாரத்தைப் போட்டு, எடுத்தும் காட்டினார்.

"மறந்தனான்தான். ஆனா நானே திருத்திப்போட்டன், பாத்தீரா?"

"நீங்க எங்க மறந்தீங்க? ஞாயிற்றுக்கிழமை நான்தான் நம்பரை மாத்தினனான்."

ஸ்ரனிஸ்லாஸ் உட்காரக் கதிரையைத் தேடினார். "என்ர நம்பர் உமக்கு எப்பிடித் தெரியும்?"

"ஒவ்வொண்டா வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தானே அமத்திறீங்க. இப்பவும் அப்பிடித்தான்." அவள் தலையில் போட்டிருந்த பூசை நெற்றை எடுத்து நாலாக மடித்தாள். "பயப்பிடாதீங்க. இனி நத்தார்ப் பண்டிகைக்கு வெள்ளையடிக்கிற நேரத்திலதான் மாத்துவன்."