பீப்பா அக்காவின் பலாமரம்

உலகத்தில் எல்லோரும் மண்ணில் செடி நடுவார்கள். எல்கடுவப் பக்கம் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்த பீப்பா அக்கா மட்டும் கோபத்தில் நட்டார். உரமும் தண்ணீரும் அவருக்கு அப்புறம்தான். யார் மேலாவது ஆத்திரம் வந்தால்தான் அவர் கை ஒரு கன்றைத் தொடும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ஆத்திரத்துக்கா பஞ்சம்? அவர் வாசலில் என்றைக்கும் பூ இருந்தது.

எல்லாம் ஒரு பலாக்கன்றில் ஆரம்பித்தது. தன் ஒற்றையறைக் காம்பராவுக்குப் பின்னால், வேலியோரமாக, அதை நட்டார் அக்கா. மறுநாள் காலையில் தோட்டத்து வாச்சர் வந்து கன்றைப் பிடுங்கி ஓடையில் எறிந்தார்.

"போஞ்சி, மொளகா எது வேணும்னாலும் போட்டுக்கங்கக்கா. மரம் மட்டும் வைக்கப்படாது. நிர்வாகத்து ரூல்."

அந்த ரூலின் நியாயத்தைக் கேளுங்கள். போஞ்சிக் கொடி ஒரு போகத்தோடு போய்விடும், மரம் போகாது. மரம் நின்றால், வைத்தவள் ஒருநாள் 'இது என் இடம்' என்று சொல்லிவிடுவாளாம்! இந்த மலையில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்கும் தேயிலை அத்தனையும் எங்கள் ஆட்கள் நட்டது. அதே கை தன் சாப்பாட்டுக்கு ஒரு பலாக்கன்று வைக்கக் கூடாது. எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும்?

அக்கா அழவில்லை, யாரிடமும் போய்க் கெஞ்சவுமில்லை. நேரே மாத்தளை டவுனுக்குப் போய் ஒரு பழைய நீலப் பிளாஸ்டிக் பீப்பாவோடு வந்து இறங்கி, அதில் இன்னொரு பலாக்கன்றை நட்டார்.

"தோட்டத்து மண்ணுலதானே மரம் வைக்கப்படாது? நான் ஒங்க மண்ணத் தொடவே இல்ல. இது மரமும் இல்ல, பூச்சட்டி. வேணும்னா தூக்கிப் பாருங்க!" என்று வாச்சரிடம் கத்தினார்.

பீப்பாவுக்கு வேண்டிய மண்ணும் வெளியூர் மண்தான். உக்குவளையில் மிளகு வியாபாரம் செய்யும் முஸ்லிம் நானா ஒருவர் தன் வீட்டு வளவைக் காட்டி, "எடுங்க தங்கச்சி, அல்லாட மண்ணுதானே" என்றுவிட்டார். அக்கா அதை அரிசிப் பைகளில் கட்டி பஸ்ஸில் ஏற்றினார்.

"என்னக்கா மூட்டையில?" என்றார் கண்டக்டர்.

"மண்ணு."

"மண்ணா? எல்கடுவயில மண்ணு இல்லையா?"

"நெறைய இருக்கு. எனக்குத்தான் இல்ல."

பஸ்ஸே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. மூட்டைக்கும் டிக்கட் கேட்கலாம் என்று வாயைத் திறந்த கண்டக்டர், அக்கா பார்த்த பார்வையில் பின் சீட்டுப் பக்கம் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அக்காவின் ஒவ்வொரு கோபத்துக்கும் ஒரு பாத்திரம் வந்தது. குழாயில் தண்ணீர் வராத வாரம் உடைந்த கக்கூஸ் கொமட்டில் ரோஜா. கூரை ஒழுகுகிறது என்று சொல்லிச் சொல்லி யாரும் எட்டிப் பார்க்காதபோது பழுதான ரைஸ் குக்கரில் காரமான கொச்சிக்காய். படம் விழாத டிவிப் பெட்டியின் குடலை உருவிவிட்டு உள்ளே அந்தூரியம் வைத்தார். "இதுல ஓடுன நாடகத்துக்கு இது எவ்வளவோ தேவல" என்றார். அந்த அந்தூரியம் தொரை பங்களாக் குப்பையில் பொறுக்கியது. எங்கள் லயம் முழுவதும் கொள்ளும் அளவுக்கு அந்த பங்களாவில் பூவுக்கு இடம் உண்டு. அதைப் பராமரிக்கிறவர்களும் எங்கள் ஆட்கள்தான்.

அக்காவிடம் போய் அழுதால் ஆறுதல் கிடைக்காது. ஒரு கிளையை ஒடித்துக் கையில் திணிப்பார். "அழுதது போதும்டி, இதக் கொண்டுபோய் ஊனு" என்பார். அழாதவர் எங்கள் லயத்தில் யார்? கொஞ்சம் கொஞ்சமாக ஒவ்வொரு வாசலிலும் ஒரு பீப்பா முளைத்தது. முன்பு தண்ணீருக்கு அடித்துக்கொண்டவர்கள் மாட்டுச் சாணத்துக்கு அடித்துக்கொண்டார்கள். சாயந்தரங்களில் கன்று பார்க்க வந்த பெண்கள் அப்படியே நின்று ஊர்க்கதை பேசினார்கள். அந்தப் பேச்சு முற்றி, ஒருநாள் எல்லோரும் சேர்ந்து ஆபிசுக்குப் போய் குழாயைச் சரிசெய்யவும் வைத்தார்கள். கன்றைப் பிடுங்கிய வாச்சரே தலையைச் சொறிந்துகொண்டு வந்து ஒரு கராம்புக் கன்று கேட்டார். அக்கா ஆசை தீர ஏசிவிட்டு, நல்ல கன்றாகப் பார்த்துக் கொடுத்தார்.

வருசங்கள் போயின. பலா கூரைக்கு மேலே வளர்ந்து பிஞ்சும் விட்டது. அப்போதுதான் புதிதாக ஒரு சின்ன தொரை, அதாவது உதவி மனேஜர், வந்து சேர்ந்தார். லயத்தைச் சுற்றிப் பார்த்தவர் பலாவின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

"இது மரம்!"

"இல்லீங்க, பூச்சட்டி" என்றார் அக்கா.

"பூச்சட்டின்னா தூக்கி அங்கிட்டு வைங்க பார்ப்போம்."

அக்கா இதற்காகத்தானே இத்தனை வருசமாகக் காத்திருந்தார்! லயத்தில் பலசாலிகளாகப் பார்த்துக் கூப்பிட்டார். அவர்கள் பீப்பாவைக் கட்டிப்பிடித்து மூச்சுப் பிடித்தார்கள். பீப்பா அசையவில்லை. கயிறு கட்டி இழுத்தார்கள், கயிறு அறுந்தது. ஒருவர் குனிந்து அடியைப் பார்த்துவிட்டு, "அக்கா, வேர் எறங்கிருச்சு" என்றார்.

தண்ணீர் வடிவதற்கு அக்கா தன் கையாலேயே பீப்பாவின் அடியில் போட்ட ஓட்டைகள்! அது வழியாக மரம் தோட்டத்து மண்ணுக்குள் எப்போதோ இறங்கிவிட்டது. அக்காவுக்குச் சொல்லவொண்ணாத கோபம். முதலில் மரத்தின் மேல்தான் பாய்ந்தார்.

"ஒன்னைய என்னா சொல்லி வளத்தேன்? கீழ எறங்காதேன்னு சொன்னேனா இல்லையா? மானத்த வாங்கிட்டியே!"

சின்ன தொரை சிரித்துவிட்டார். "சரி, வெட்டுங்க" என்றார்.

இனி நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிரும். வெட்டுவதற்குக் கத்தி கேட்டார் சின்ன தொரை. தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிப் பிழைக்கும் லயம் அது, கத்தி இல்லாத வீடே கிடையாது. அன்றைக்கு ஒரு வீட்டிலும் கத்தி இல்லை. ஒருவர் கத்தி உடைந்துவிட்டதாம், இன்னொருவர் கத்தி ரத்தோட்டையில் மச்சான் வீட்டில் இருக்கிறதாம். ஸ்டோரில் போய் எடுத்துவரச் சொன்னபோது வாச்சர் பையைத் தடவிப் பார்த்து, "சாவியக் காணலீங்க தொரை" என்றார். அவர் வீட்டுக் கராம்பும் வேர் இறங்கியிருக்குமோ என்னவோ!

"ஒரு மரத்துக்குப் புரிஞ்சிருச்சுங்க, எங்க நிக்கணும்னு. நீங்க படிச்சவங்க" என்றார் அக்கா. சின்ன தொரைக்கு முகம் சிவந்தது. அடுத்த வாரம் ஆளோடு வருவதாகச் சொல்லி பைக்கில் ஏறினார்.

பைக் சத்தம் வளைவைத் தாண்டியதும் அக்கா திரும்பி, "கத்தியக் கொண்டாங்க" என்றார். காணாமல் போன கத்திகள் எல்லாம் கதவுக்குக் கதவு வெளியே வந்தன. அக்கா அந்த நீலப் பீப்பாவை நீளவாட்டில் பிளந்து, உரித்து எடுத்து எறிந்தார். பலா எந்தச் சட்டியும் இல்லாமல் மண்ணில் நின்றது. சொன்ன அடுத்த வாரம் வந்து போனது, சின்ன தொரை வரவில்லை. மரம் இன்றைக்கும் நிற்கிறது. ரூலும் இன்றைக்கும் இருக்கிறது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

போன வருசம் உக்குவளையில் ஒரு துண்டு நிலம் வாங்கி வீடு கட்டிக் குடிபோனேன். எங்கள் குடும்பத்தில் சொந்த மண்ணில் கால் வைத்த முதல் ஆள் நான். வந்தவர்கள் கடிகாரமும் குக்கரும் கொண்டுவந்தார்கள். பீப்பா அக்கா சாக்கில் சுற்றிய ஒரு பலாக்கன்றோடு வந்தார், அந்த மரத்தின் கொட்டையில் முளைத்தது. வீட்டைத் திரும்பியும் பார்க்காமல் பின்வளவுக்குப் போனவர், அங்கே நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். ஊரையே ஏசிய அந்த வாயிலிருந்து வந்த குரலை எனக்கு அடையாளமே தெரியவில்லை.

"தம்பி, இங்க வைக்கலாமா? யாரும் வந்து புடுங்க மாட்டாங்களே?"

மம்பட்டியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன்.