சுங்காய் தோட்டத்துல இருபது கறுப்பு டப்பா

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. சுங்காய் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்துல, தொழிலாளிங்க வரிசையா குடியிருக்கிற லயத்து வீடுகளைச் சுத்தி இருபது கறுப்பு டப்பா வைக்கணும்.

டப்பாவுல கொஞ்சம் தண்ணி இருக்கும். கொசு வந்து முட்டை போடும். எங்க எவ்வளவு முட்டைன்னு எண்ணி மேப்ல போட்டா, டிங்கி காய்ச்சல் எந்தப் பக்கம் வரும்னு முன்னாடியே சொல்லலாம்.

வச்சேன். ஒவ்வொண்ணுக்கும் ஃபோன்ல ஒரு தட்டு தட்டி இடத்தைப் பதிஞ்சேன். ஈப்போவுக்குத் திரும்பிட்டேன்.

மறுநாள் ஆபீஸ்ல மேப்பைத் திறந்தா, இருபது டப்பாவும் பீடோர்ல இருக்கு. போற வழியில நான் தே தாரே டீ குடிச்ச கடையில. பேட்டரி மிச்சம் பிடிக்கலாம்னு அங்கதான் லொகேஷனை ஆஃப் பண்ணேன்.

பாஸ்கிட்ட சொல்லல. சனிக்கிழமை போய்ச் சரி பண்ணிடலாம்னு இருந்தேன்.

வெள்ளிக்கிழமையே பாஸ் கூப்பிட்டாங்க. "சுங்காய் தோட்டத்துலேர்ந்து புகார். யாரோ ஒருத்தன் வீடு வீடா டப்பாவுல தண்ணி ஊத்தி வச்சிட்டுப் போயிருக்கான். நம்ம டப்பா பக்கத்துலயே போல. யாருன்னு போய் விசாரி."

"சரி, விசாரிக்கிறேன்"னு சொன்னேன். வேற என்ன சொல்றது?

புகார் கொடுத்தது கமலா அக்கா. போன மாசம்தான் அவங்க மக டிங்கியில படுத்து, ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வந்திருக்கு. நான் வாசல்ல போய் நின்னதும் என் தொப்பியை ஒரு தடவை பாத்தாங்க.

"இதே மாதிரி தொப்பி போட்ட ஆளுதான் வந்தான்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க."

"அது நான்தான்கா."

"என் பிள்ளை பொழச்சு வந்ததே பெருசு. நீ வாசல்ல தண்ணி வச்சிட்டுப் போற. யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொன்னியா?"

சொல்லல. முக்காவாசிப் பேர் வேலைக்குப் போன நேரம் பாத்து வச்சேன். சீக்கிரம் முடியும்னு.

முட்டை எதுக்கு, மேப் எதுக்குன்னு விளக்குனேன். அக்கா பொறுமையா கேட்டாங்க.

"டப்பாலாம் எங்கக்கா?"

"கொட்டிட்டேன். கழுவிக் கவுத்து வச்சிருக்கேன்."

"எது எங்க இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"உனக்கு இல்லியா?"

அக்கா உள்ள போய் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துட்டு வந்தாங்க. லயம் மொத்தமும் கையால வரைஞ்சிருக்கு. வீடு, கால்வாய், வாழைமரம், இருபது வட்டம், நம்பரோட.

"புகார்னா ஆதாரம் வேணும்ல. அதான் நடந்து குறிச்சேன்."

அதைப் பாத்துத்தான் இருபதையும் திரும்ப வச்சோம். இந்தத் தடவை அக்காவே ஒவ்வொரு வீட்டுலயும் எதுக்குன்னு சொன்னாங்க.

திங்கக்கிழமை நோட்டைப் பாஸ் மேசையில வச்சு, நடந்ததை ஒண்ணு விடாம சொன்னேன். பாஸ் படத்துல இருந்த இருபது வட்டத்தையும் எண்ணிப் பாத்தாங்க.

"அடுத்த தோட்டத்துக்கு இந்த அக்கா வருவாங்களான்னு கேளு. மேப்பை அவங்க போடட்டும். நீ கார் ஓட்டு."