தொண்ணூற்றொன்று புள்ளி மூன்று மூன்று மூன்று மூன்று

ஜன்னலோர மூலை யாருக்கு என்ற வழக்கு அந்த வீட்டில் ஏழு மாதமாக இழுபட்டுக்கொண்டிருந்தது. புத்தக அலமாரிக்கு என்பது கணவர் கட்சி. ராத்திரி முழுக்க ட்யூப்லைட்டில் வாழ்கிறவருக்குப் பகல் வெளிச்சத்தில் நாலு பக்கம் படிக்க ஆசை. தையல் மிஷினுக்கு என்பது மனைவி கட்சி. வீட்டில் வெளிச்சம் விழும் இடம் அது ஒன்றுதான்.

திருகாணி ஆலையில் ராத்திரி ஷிஃப்ட் பரிசோதகர் அவர். தலைமுடியின் கனத்தை அளக்கும் கருவியோடு இருபது வருஷம் குப்பை கொட்டியவர். ஒரு நாள் மார்தட்டினார்.

"சுவருக்கும் தூணுக்கும் நடுவுல கச்சிதமா உக்கார்ற மாதிரி அலமாரி செய்யச் சொல்றேன். உள்ள போகலேன்னா இடம் உனக்கு."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"மாறினா என் பேரை மாத்திக்கறேன்."

வீட்டு டேப்பை எடுத்தார். அதில் மில்லிமீட்டர் கோடுகள் தேய்ந்து பல வருஷம். சென்டிமீட்டர் கோடு மட்டும் கண்ணை இடுக்கினால் தெரியும். மேலே 92. நடுவில் 91. கீழே 91.

"மூணுல எதைச் சொல்லுவீங்க?" என்றாள், ஊசியில் நூல் கோத்தபடி.

"சராசரி போடணும்டி." கால்குலேட்டரைத் தட்டினார். "தொண்ணூத்தொண்ணு புள்ளி மூணு மூணு மூணு மூணு!"

"அடேயப்பா! டேப்புல இல்லாத நாலு மூணு எங்கேர்ந்துங்க வந்துச்சு?"

"கணக்குலேர்ந்து."

"கணக்கைப் பாத்துச் சுவரு ஒதுங்கி நிக்குமா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"புரியாதுதான். நான் சட்டை தைக்கிறவ. விரக்கடை தளர்வு விடலேன்னா போட்டவங்களுக்கு மூச்சு முட்டும். அவ்வளவுதான் தெரியும்."

பத்தாம் நாள் அலமாரி வந்தது. தள்ளினார்கள். தட்டினார்கள். சுண்ணாம்புதான் உதிர்ந்தது, அலமாரி உள்ளே போக மாட்டேன் என்று முரண்டு பிடித்தது.

"அளவைக் கோட்டை விட்டுட்டியேப்பா!" என்று தச்சர் மேல் பாய்ந்தார்.

தச்சர் காதில் செருகிய பென்சிலை எடுத்துக் காட்டினார். "சார், இதால போடுற கோடே ஒரு மில்லி தடிமன். உங்க கடைசி மூணு மூணும் அதுக்குள்ளயே காணாமப் போயிடுச்சு. முதல் மூணுதான் இப்ப இடிக்குது. யாரு என்ன அளவு சொன்னாலும் வழக்கமா நான் ஒரு சென்டி குறைச்சுத்தான் அறுப்பேன்."

"இதுல மட்டும் ஏன்யா குறைக்கல?"

"அக்காதான் போன் பண்ணாங்க. 'அவர் குடுத்த அளவுல துளி குறைஞ்சாலும் மனுஷன் மனசு ஒடிஞ்சிடுவாரு'ன்னாங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். மனைவி முகத்தில் பால் வடிந்தது.

"உங்க சொல்லுக்கு மரியாதை வேணாமா?" என்றபடியே, சமையலறையில் முடங்கிக் கிடந்த தையல் மிஷினை உருட்டி வந்தாள். அது வழுக்கிக்கொண்டு மூலைக்குள் போய் நின்றது. இரண்டு பக்கமும் கை நுழையும் தாராளம்.

"அப்ப... என் அலமாரி?"

"கூடத்துலயே இருக்கட்டுங்க. வெட்டின துணியை அடுக்க ஒண்ணு வேணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். அளவு சுமாரா சரியாத்தான் இருக்கு."