மழைக்குழிப் பிள்ளையார்

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை மகுடேஸ்வரனுக்கு, மாமன் ஆறுச்சாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். நீங்களும் இந்துமதியும் சுகமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். அந்தப் பிள்ளையாரைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. போனில் சொல்லலாம் என்றால் நீங்கள் மீட்டிங்கில் இருக்கிறீர்கள். உங்கள் சம்சாரமோ, வாட்சப்பில் சுருக்கமாகப் போடச் சொல்கிறாள். இது சுருக்கத்தில் அடங்குகிற சமாச்சாரம் இல்லை.

எங்கள் வீதியில் லைன் வீடுகளும் பனியன் கம்பெனிகளும் ஒட்டிக்கொண்டு நிற்பதும், மண் தெரிகிற இடம் ஒரு சாண்கூட இல்லாததும் உங்களுக்குத் தெரியும். பெய்கிற மழையெல்லாம் மேட்டிலிருந்து உருண்டு வந்து, என் லைனில் கடைசி வீட்டில் குடியிருக்கும் செல்லத்தாயின் அடுப்படியில் உட்காரும். அதற்காகத்தானே நீங்கள் வீதியோரம் குழி வெட்டி, ஜல்லியும் மணலும் நிரப்பி, வெட்டிவேரும் கல்வாழையும் நட்டு, தண்ணீர் உள்ளே போய் மண்ணில் இறங்க ஓரக்கல்லில் வாயும் விட்டுக் கொடுத்தீர்கள். செல்லத்தாய் இராமநாதபுரம் பக்கத்துக்காரி. "எங்க ஊருல மழை வராதான்னு வானத்தப் பாத்துக்கிட்டுக் கெடப்போம். இங்க வந்துருமோன்னு பாக்குறேன். இனியாச்சும் பயப்படாமப் பாக்கணும்ண்ணே" என்றாள் அவள்.

ஆனால் குழி என்று ஒன்று இருந்தால் நம் ஜனங்கள் சும்மா விடுவார்களா? கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட் துணி விழுந்தது, டீக் கப்பு விழுந்தது, கல்வாழையை எவர் வீட்டு ஆடோ மேய்ந்தது. மாப்பிள்ளை மானம் போகிறதே என்று திருமுருகன்பூண்டியில் சின்னதாக ஒரு பிள்ளையார் வாங்கி வந்து நடுக்குழியில் உட்கார வைத்தேன். மறுநாளே ஒரு துண்டு குப்பை இல்லை. அதோடு நின்றிருக்கலாம். சாமி சேற்றில் உட்காரலாமா என்றார் எதிர்வீட்டு வேலாத்தாள், சிமென்ட் பூசினோம். சாக்கடைத் தண்ணீர் சாமி காலில் படலாமா என்றார் கம்பெனிக்கார நஞ்சப்பன். நீங்கள் விட்ட வாயை அடைத்தோம். டைல்ஸ் ஒட்டி, தகரம் போட்டு, 'உபயம்: ஆறுச்சாமி' என்று ஒரு கல்லும் பதித்தோம். நான் எவ்வளவோ வேண்டாம் என்றேன். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்று சொன்னதோடு சரி.

போன வாரம் மழை பெய்தது. தண்ணீர் பிள்ளையாரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேராகச் செல்லத்தாய் வீட்டுக்குப் போயிற்று. அரிசி நனைந்தது, பிள்ளைகளின் புத்தகமெல்லாம் நனைந்தது. அடுத்த மழைக்குள் வேறு வீடு பார்த்துக்கொள்கிறோம் என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது சிமென்ட்டை உடைக்க ஒருத்தரும் வருவதில்லை. "சாமி கட்டடத்துல கை வெச்சா குடும்பத்துக்கு ஆகாதுங்க" என்கிறார் நஞ்சப்பன். ஆகவே மாப்பிள்ளை, இது கோயில்தான் என்று முடிவு செய்துகொண்டு, உங்கள் குழியை வேறு வீதியில் வெட்டிக்கொள்ளும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கும்பாபிஷேகத்துக்கு உங்கள் தலைமை. மாலைக்குச் சொல்லியாயிற்று.

நீங்கள் வெட்டினதெல்லாம் நிரம்பவும் நட்டதெல்லாம் துளிர்க்கவும் வாழ்த்தும் மாமன்,
ஆறுச்சாமி.

பின்குறிப்பு: மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். கடிதத்தை மடிக்கும்போது செல்லத்தாய் வீட்டுச் சாமான் ஏற்ற வண்டி வந்து நின்றது. வானமும் கறுத்தது. எனக்குப் பொறுக்கவில்லை, கடப்பாரையோடு போய்விட்டேன். குளத்தங்கரையில் மழையிலும் வெயிலிலும் உட்கார்ந்திருக்கிறவர் குழிக்கரையில் உட்கார மாட்டாரா? முதலில் என் பெயர்க் கல்லைப் பெயர்த்தேன். அதைப் பார்த்த பிறகு வேலாத்தாளே மண் அள்ளக் கூடை கொண்டுவந்தார். பிள்ளையாரைக் கரைக்கு நகர்த்தி, சிமென்ட்டை உடைத்து, அடைத்த வாயைத் திறந்தோம். மாலை வேண்டாம், வரும்போது வெட்டிவேர் நாற்று கொண்டு வாருங்கள். கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. குழி குடித்தது போக மிச்சம் படி வரைக்கும் வந்தது, உள்ளே ஏறவில்லை. செல்லத்தாய் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.